தோளா, வண்டியா?



ஒரு குழந்தையைப் பெற்ற தாயும் தந்தையும். அக்குழந்தையின்பால் இருவர்க்கும் உள்ள அன்பு ஒன்றே. ஆயினும், வீட்டிலிருந்து கடைத்தெருவரைக்கும் அதனை எவ்வாறு கொண்டுசெல்வது என்னும் சிறிய வினாவில் கருத்து வேறுபட்டு, அவ்விருவரும் இரண்டு நாள் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாதிருந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்த வழக்கையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். “இது தாய்மார் கேட்க வேண்டிய பேச்சாயிற்றே, எங்களுக்கு எதற்கு?” என்று நீங்கள் எண்ணலாம். சற்றே பொறுத்துக் கேளுங்கள். இரு நல்லவர்கள் மாறுபட்டு நிற்கும்போது, ஒவ்வொருவர் பக்கத்திலும் உள்ள உண்மை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கும் பயிற்சி எல்லார்க்கும் வேண்டுவது. அன்றியும், உங்களுள் பலர் ஒருநாள் தாயராகவும் தந்தையராகவும் ஆகப் போகிறவர்களே.

நான் கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் லீட்ஸ் என்னும் நகரில் பணிபுரிகிறார்கள். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் என் மகளுக்குத் தலைப்பேறு. அவள் அருகில் இருக்க வேண்டிய தாய் அதற்கு முன்பே மறைந்துவிட்டாள். ஆதலின், பேறுகால வீட்டில் ஓர் ஆண்மகனால் என்ன பயன் என்று உறவினர் சிலர் கேட்டும் கேளாதவனாய், நானே புறப்பட்டுச் சென்றேன். பெண்குழந்தை பிறந்தது. அறுவை செய்தே குழந்தையை எடுக்க நேர்ந்தது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர். எட்டாம் நாள் வழக்குத் தொடங்கிற்று.

மருமகன் தள்ளுவண்டி ஒன்று வாங்கவேண்டும் என்றார். நான்கு உருளைகளும், மழைக்கும் வெயிலுக்கும் மூடுகுடையும், பின்னால் பிடித்துத் தள்ளக் கைப்பிடியும் உள்ள வண்டி அது. ஆங்கிலேயர் அதனைப் பிராம் என்பர். மகளோ அது வேண்டாம், ஸ்லிங் போதும் என்றாள். அது நம் புடவையினும் சிறிது குறைந்த நீளமுள்ள துணி. அதனைத் தோளிலும் இடையிலுமாகச் சுற்றிக் கட்டி, குழந்தையை மார்போடு மார்பாக அணைத்து வைத்துக்கொண்டால், இரு கைகளும் ஓய்வாக இருக்கும். நான் அதனைத் தோள்தூளி என்று அழைத்தேன். அப்பெயரே அவ்வீட்டில் நிலைத்துவிட்டது.

மகளின் வாதம் இது: “பத்து மாதம் என்னுள் இருந்த குழந்தை, என் நெஞ்சின் ஓசையை விட்டுப் பிரிந்து ஒரு பெட்டிக்குள் கிடக்க வேண்டுமா? அழுதால் எனக்கு உடனே தெரிய வேண்டும். பேருந்தில் ஏற வேண்டும். படி இறங்க வேண்டும். நம் வாசலிலேயே ஆறு படிகள் இருக்கின்றன. வண்டியை யார் தூக்குவது?”

மருமகன் பொறியாளர், கணக்குப் போட்டுப் பேசினார். “இன்று குழந்தை மூன்று கிலோ. ஐந்து மாதத்தில் இரு மடங்காகும்; ஓராண்டில் மும்மடங்காகும். உனக்கோ வயிற்றில் தையல் இன்னும் ஆறவில்லை. வண்டியில் குழந்தை படுத்து உறங்கும். கீழே காய்கறிப் பையும் வைக்கலாம். எந்நேரமும் மார்பிலேயே வைத்திருந்தால், கீழே விட்டால் அழும் பழக்கம் வந்துவிடும்.”

முதல்நாள் இவை வாதங்களாக இருந்தன. மறுநாள் குற்றச்சாட்டுகளாயின. மூன்றாம் நாள் பேச்சே நின்றது. குழந்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது, “பால் குடித்துவிட்டது”, “துணி மாற்றியாயிற்று” என்னும் இரண்டு வாக்கியங்கள் மட்டுமே அவ்வீட்டில் ஒலித்தன. இருவரும் தனித்தனியே என்னைத் தம் பக்கம் சாயுமாறு பார்வையாலேயே வேண்டினர்.

ஆசிரியனாக வாழ்ந்தவனுக்கு வழக்கு ஒன்று வந்தால் நூலகம் தேடிப் போவதுதான் இயல்பு. நானும் லீட்ஸ் நகர நூலகத்துக்குப் போனேன். அங்கே நான் அறிந்தவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன்.

தள்ளுவண்டி முதலில் பெருஞ்செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாக இருந்தது. 1733ஆம் ஆண்டளவில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக, வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி அமைத்துக் கொடுத்தார். சிறு விலங்கைப் பூட்டி இழுக்கும் வண்டி அது. பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மனிதர் பின்னின்று தள்ளும் வண்டிகள் பெருகின. 1877ஆம் ஆண்டு வில்லியம் வில்சன் என்பவர் புகழ்பெற்ற தள்ளுவண்டித் தொழிலகம் ஒன்றைத் தொடங்கிய ஊர் எது தெரியுமா? நான் தங்கியிருந்த அதே லீட்ஸ் நகரந்தான்! தள்ளுவண்டியின் பிறந்தகத்திலேயே தள்ளுவண்டி வேண்டாம் என்று என் மகள் வாதாடிக்கொண்டிருந்தாள்.

1965ஆம் ஆண்டில் இன்னொரு மாறுதல் வந்தது. ஓவன் மக்லாரன் என்பவர் விமானப் பொறியாளர். ஸ்பிட்பயர் என்னும் போர்விமானத்தின் சக்கரக்கால் அமைப்பில் பணியாற்றியவர். அவருடைய மகள் தன் குழந்தையோடு வெளிநாட்டிலிருந்து வந்தபோது, கனத்த வண்டியோடு அவள் படும் பாட்டைக் கண்டார். விமானக் கால்களை மடக்கத் தெரிந்த அக்கைகள், குழந்தை வண்டியையும் மடக்க வழி கண்டன. அலுமினியக் குழாய்களால் ஆகி, குடைபோல் மடங்கிய அவ்வண்டியின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பேத்தியின் பொருட்டு ஒரு தாத்தா செய்த வண்டி என்று அறிந்தபோது, மருமகனின் பக்கம் என் மனம் சிறிது சாய்ந்ததை மறைக்க மாட்டேன்.

தோள்தூளியின் வரலாறும் சுவையானதே. 1960களில் ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலியர் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டாற்றினார். அந்நாட்டுத் தாய்மார் குழந்தைகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வதையும், அக்குழந்தைகள் அமைதியாக இருப்பதையும் கண்டார். தமக்குக் குழந்தை பிறந்ததும் அவ்வாறே சுமக்க விரும்பினார். அவருடைய தாயார் அதற்கேற்ற பை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். 1969இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

இதனைக் கொண்டு, துணியால் சுமப்பது கீழ்நாட்டு வழக்கம், வண்டி மேல்நாட்டு வழக்கம் என்று நான் முடிவு கட்டினேன். அம்முடிவைக் கலைத்தவர் அண்டை வீட்டு மூதாட்டியார். அவர் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். என் மகளின் தோள்தூளியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “என் தாய் என்னைக் கம்பளிச் சால்வையில் இப்படித்தான் சுற்றிச் சுமந்தாள், எங்கள் ஊர்த் தாய்மார் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்” என்றார். அவர் சொன்னது உண்மை. வேல்ஸ் நாட்டுத் தாய்மார் தம் உடலோடு குழந்தையைச் சால்வையால் பிணைத்துச் சுமந்தது பழைய ஒளிப்படங்களிலும் காணக் கிடைக்கிறது. நம் பக்கத்திலும் பாருங்கள்: சோழநாட்டுத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையிலேயே, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்று உருளைச் சிறுதேர் வருகிறது. ஆகவே துணியும் உருளையும் யாருடைய தனிச் சொத்தும் அல்ல.

இனி, அறிவியல் யாது கூறுகிறது என்று பார்ப்போம். 1986ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில், உன்சிக்கர், பார் என்னும் இரு மருத்துவர்கள் 99 தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பகுதியினரை நாள்தோறும் மூன்று மணி நேரமேனும் கூடுதலாகக் குழந்தையைச் சுமக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில், அவ்வாறு சுமக்கப்பட்ட குழந்தைகளின் அழுகையும் சிணுங்கலும் மற்றக் குழந்தைகளைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தன. மாலை முதல் நள்ளிரவு வரையுள்ள நேரத்தில் 51 விழுக்காடு குறைவு. “பார்த்தீர்களா, அப்பா!” என்றாள் மகள்.

ஆனால் 1991ஆம் ஆண்டு, அவ்விருவருள் ஒருவரான பார் வேறு ஆய்வாளரோடு சேர்ந்து மீண்டும் ஆராய்ந்தார். வயிற்று வலிபோல் ஓயாமல் அழும் வழக்கம் முன்னரே தொடங்கிவிட்ட குழந்தைகளை, கூடுதலாகச் சுமந்தும் அழுகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. முதல் ஆய்வு பொய்யாகிவிடவில்லை. அதன் எல்லை எதுவென்று தெரிந்தது. தம் முடிவின் எல்லையைத் தாமே தேடிச் செல்லும் அந்தப் பண்பை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990இல் வெளியான நியூயார்க் ஆய்வு இன்னொன்று. வருவாய் குறைந்த 49 தாய்மாருள் ஒரு சாரார்க்குச் சுமக்கும் பையும், மறுசாரார்க்குப் பிளாஸ்டிக் இருக்கையும் கொடுத்தனர். பதின்மூன்றாம் மாதத்தில் தாயிடம் உறுதியான பற்றுடையனவாகக் காணப்பட்ட குழந்தைகள், முதற் குழுவில் 83 விழுக்காடு. மறு குழுவில் 38 விழுக்காடு. மகள் மறுபடியும் மகிழ்ந்தாள். மருமகன் அத்தாளை வாங்கிப் படித்துவிட்டு, “இதில் ஒப்பிட்டது இருக்கையோடு, தள்ளுவண்டியோடு அன்றே!” என்றார். மெச்சத்தக்க கேள்வி! எதனை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேளாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

வண்டியின் பக்கத்திலும் ஓர் ஆய்வு உண்டு. 2008இல் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுசான் சீடிக், வண்டியில் குழந்தை எப்பக்கம் நோக்கி அமர்கிறது என்பதை ஆராய்ந்தார். குழந்தை தாயை நோக்கி அமர்ந்திருந்தால், தெருவை நோக்கி அமர்ந்திருக்கும்போது பேசுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தாய்மார் அதனுடன் பேசினராம். அதாவது, குழந்தைக்கு வேண்டிய முகமும் குரலும் வண்டியிலும் கிடைக்கக் கூடும். வண்டியைத் திருப்பி அமைத்தால் போதும்.

இரண்டிலும் ஆபத்தும் உண்டு. 2010ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆணையம் தோள்தூளிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் 14 குழந்தைகளேனும் அவற்றோடு தொடர்புடைய நிலையில் இறந்திருந்தன. அவற்றுள் 12, நான்கு மாதம் நிரம்பாதவை. கழுத்து நில்லாத குழந்தையின் மோவாய் மார்பில் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் அடைபடும். துணி மூக்கை மூடினாலும் அவ்வாறே. ஆகையால் துணி இறுக்கமாக இருத்தல் வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணில் படுதல் வேண்டும். குனிந்தால் அதன் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் அஃது இருத்தல் வேண்டும். மோவாய் மார்பில் படாதிருத்தல் வேண்டும். முதுகுக்குத் தாங்கல் வேண்டும். அதனைக் கட்டிக்கொண்டு அடுப்பண்டை நிற்றல் ஆகாது. வண்டிக்கும் விதிகள் உண்டு. வெயிலில் அதனைத் துணியால் மூடினால் உள்ளே வெப்பம் ஏறும். கைப்பிடியில் கனத்த பையைத் தொங்கவிட்டால் வண்டி மல்லாந்துவிடும். அன்றியும், குழந்தை படுத்திருக்கும் உயரமும் ஊர்திகள் புகை கக்கும் உயரமும் ஏறத்தாழ ஒன்றே. வண்டியிலுள்ள குழந்தை பெரியவர்களைவிட 60 விழுக்காடு வரை மிகுந்த மாசினை நுகரக் கூடும் என்று சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர்த் தெரிவித்தனர்.

இவ்வளவும் திரட்டிக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் நீதிபதிபோல் நான் காத்திருந்தேன். ஆனால் வழக்கின் வேர் நூலகத்தில் இல்லை, அடுக்களையில் இருந்தது.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, மருமகன் தனியே நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “என்ன மாப்பிள்ளை, உறக்கம் வரவில்லையா?” என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “மாமா, எனக்கு விடுமுறை இரண்டே வாரம். குழந்தை பசித்தால் தாயிடம், அழுதால் தாயிடம், உறங்கினாலும் தாய் மார்பில். வண்டி இருந்தால், மாலையில் ஒரு மணி நேரமாவது நான் அதனைத் தள்ளிக்கொண்டு போவேனே என்று எண்ணினேன். அதுவும் வேண்டாம் என்றால், இக்குழந்தைக்கு நான் யார்?”

நான் பேச்சற்று நின்றேன். எடைக்கணக்கும் தையற்கணக்கும் சொன்ன அவர் வாயில் இந்த ஒரு சொல் மட்டும் மூன்று நாளாக வரவில்லை. காலையில் மகளிடம் இதனை மெல்லச் சொன்னேன். அவள் கண்கள் கலங்கின. “வண்டியை வாங்கிக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று ஒதுங்கிவிடுவாரோ என்றுதான் நான் அஞ்சினேன், அப்பா” என்றாள். சற்றுப் பொறுத்து, “நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்ததாக எனக்கு நினைவே இல்லையே” என்றாள். அவள் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை மிகவும் சுட்டது.

உண்மைதான். நான் தூக்கியதில்லை. பெரியவர்கள் முன்னிலையில் ஓர் ஆண் தன் குழந்தையைத் தூக்குவது எங்கள் தெருவில் நாகரிகமாகக் கருதப்படவில்லை. வீட்டுக்குள் யாரும் பாராதபோது கொஞ்சுவேன். வாசலில் காலடி ஓசை கேட்டதும் அவள் தாயிடம் கொடுத்துவிடுவேன். தெருவின் வழக்கம் அது என்று பழியை வழக்கத்தின்மேல் போடலாம். அவ்வழக்கத்தை மீறியிருந்தால் என்னை யார் என்ன செய்திருப்பார்கள்? ஒருவரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

அன்று மாலை மகள் தன் கணவரை அழைத்து, கண்ணாடிமுன் நிறுத்தித் துணியைக் கட்டும் முறையைக் கற்பித்தாள். பாலத்தின் பாரம் கணக்கிடத் தெரிந்த அவர், அந்த முடிச்சைக் கற்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். குழந்தை அவர் மார்பில் கன்னத்தை வைத்து உறங்கிற்று. அந்த வாரக் கடைசியில் மடங்கும் தள்ளுவண்டி ஒன்றும் வீட்டுக்கு வந்தது. தள்ளுபவரை நோக்கிக் குழந்தை படுக்கும் வண்டி அது.

பின்வந்த மாதங்களில் இரண்டும் தத்தம் வேலையைச் செய்தன. படிக்கட்டுக்கும் பேருந்துக்கும் மாலை அழுகைக்கும் தோள்தூளி. மகளுக்கு முதுகு வலித்த நாட்களுக்கும், சந்தைக்கும், பகல் உறக்கத்துக்கும் வண்டி. ரவுண்ட்ஹே பூங்காவில் ஒருநாள் பேத்தியை என் மார்பில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையோரம் நடந்தேன். எதிரே வந்தவர்கள் புன்னகை செய்தார்கள். அறுபத்து மூன்றாம் வயதில் முதன்முறையாக ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு பொதுவழியில் நடந்தேன். அச்சிறு மூச்சின் வெம்மை என் சட்டையை நனைத்ததை இன்றும் உணர்கிறேன்.

நண்பர்களே, இவ்வழக்கில் இல்லத்தார்க்கு அப்பாலும் ஒரு பங்கு உண்டு. 2012ஆம் ஆண்டு அந்த லீட்ஸ் நகருக்கு வரும் பேருந்து ஒன்றில், சக்கர நாற்காலிக்குரிய இடத்தில் ஒரு தாயின் குழந்தை வண்டி நின்றது. குழந்தை உறங்குகிறது, வண்டியை மடக்க இயலாது என்று அவர் மறுத்தார். சக்கர நாற்காலியில் வந்தவர் ஏற முடியவில்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இடம் விடுமாறு ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டு வாளா இருத்தல் போதாது என்று 2017இல் தீர்ப்பு வந்தது. எளியவர் இருவரை ஒரு சிறு இடத்துக்காகப் போட்டியிட வைத்தது எது? பேருந்தின் அமைப்பு அன்றோ?

2019 டிசம்பரில் அவர்கள் கும்பகோணம் வந்தபோது அவ்வண்டியும் உடன் வந்தது. எங்கள் தெருவில் இருபது அடிகூட அதனால் செல்ல முடியவில்லை. நடைபாதை இருந்த இடத்தில் இருசக்கர ஊர்திகள். அவை இல்லாத இடத்தில் திறந்த சாக்கடை. பத்து கிலோ பேத்தியை நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். என் பழைய தோழர் ஒருவர் திண்ணையிலிருந்து பார்த்து, “என்ன ஐயா, புதுப் பழக்கம்?” என்றார். “ஆம், காலங்கடந்து கற்றது” என்றேன்.

உங்களுள் பொறியாளராகப் போகிறவர்கள், குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லும் தெருக்களை அமையுங்கள். இல்லறம் ஏற்கப் போகிற இளைஞர்களே, உங்கள் குழந்தையை நீங்களும் சுமந்து நடங்கள். தெருவைப் பார்த்து நாணாதீர்கள். மனைவியோடும் கணவரோடும் கருத்து வேறுபடும் நாளில், வாதத்தின் அடியில் சொல்லாமல் நிற்கும் ஒரு சொல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அதனைக் கேட்டறிய எங்கள் வீட்டில் மூன்று நாளாயிற்று. எனக்கோ முப்பது ஆண்டாயிற்று.